சொந்தக்காரர் இல்லாத ஊர்

“முதல் நாள் அரண்மனை. ரெண்டாம் நாள் மீன் சந்தை. மூண்டாம் நாள் மலையில ஒரு புத்த கோயில்” என்று ரெலிபோனில் ஒப்புவித்துக்கொண்டிருந்தார் பரராசசிங்கம். வாசலில் இரண்டு பெரிய சூட்கேஸ்கள் பூட்டியபடி தயாராக நின்றன.

மறுமுனையில் பாமா, அவருடைய சித்தப்பா மகள், பேர்லினிலிருந்து. கொரியாவில் சாப்பாட்டுக்கு என்ன செய்வீர்கள் என்று கவலைப்பட்டாள். கிம்சி என்றொரு சாமான் இருக்கிறது, கோவா இலைக்கு மிளகாய்த்தூள் பிரட்டிப் புளிக்க வைப்பது, நிலத்தில் சப்பாணி கட்டியிருந்து குச்சியால் சாப்பிட வேண்டும் என்று அவர் விளக்கினார். ஒரு கிழமை சியோல் நகரத்தில் நின்று அந்தச் சனத்தின் கலாசாரத்தை அனுபவிக்கப் போகிறோம் என்று சொன்னபோது அவருக்கே புல்லரித்தது.

“அண்ணை, அது ஊன்ட்றொப் அம்மன் தேர்க் கிழமையெல்லோ?”

“என்ன செய்யிறது தங்கச்சி, லீவு அப்பதான் தந்தாங்கள்.”

“அப்ப வீடு ஒரு கிழமையும் பூட்டித்தான் கிடக்குமோ?”

“ஓம், பூட்டித்தான் கிடக்கும்.”

கவனமாகப் போய்வரச் சொல்லிவிட்டு அவள் வைத்தாள். பரராசசிங்கமும் ரெலிபோனை வைத்துவிட்டு, சோதனை பாஸான பெடியன் மாதிரி மனைவி சிவகௌரியைப் பார்த்துச் சிரித்தார்.

கொரியாவாவது மண்ணாங்கட்டியாவது. சூட்கேஸ் இரண்டும் வெறும் சூட்கேஸ். மேல்வீட்டு யோசேப்பு கண்டால் பாதி ஜெர்மனிக்குச் செய்தி போய்விடும் என்பதற்காக வாசலில் வைத்தவை.

சங்கதி இதுதான். ஜெர்மனியில் ஹம் நகரத்தில் அவர்களுடைய வீட்டிலிருந்து ஊன்ட்றொப் அம்மன் கோயிலுக்கு பஸ்ஸில் கால்மணித்தியாலம். அம்மாளாச்சிக்குப் பக்கத்தில் இருந்தால் புண்ணியம் என்று ஆசைப்பட்டு எடுத்த வீடு. போன வருசத் தேருக்கு அந்தப் புண்ணியத்தில் பங்கு கேட்டு சொந்தக்காரர் இருபத்திமூன்று பேர் வந்து ஆறு நாள் படுத்தார்கள். கழிப்பறைக்கு விடிய நாலு மணிக்கே வரிசை. சனம் போனபிறகு பார்த்தால் இரண்டு தலையணை, ஒரு அகப்பை, சுவர்க் கொழுவியில் கிடந்த வீட்டுக் கதவின் மற்றத் திறப்பு, ஒன்றையும் காணவில்லை.

இதையெல்லாம் சிவகௌரி பொறுத்துக்கொண்டாள். ஆனால் தேர் வெளிக்கிட்ட நேரம் அவள் குசினியில் இடியப்பம் பிழிந்துகொண்டு நின்றாள். கூப்பிடு தூரத்தில் இருந்தும் அம்மன் முகத்தைக் காணவில்லையே என்று அன்றைக்கு அழுதவள், இந்த வருசம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

“இந்த முறை ஒரு ஆள் பாயோட வந்தாலும், நான் சூட்கேஸோட வெளிக்கிட்டிடுவன். பிறகு தேடாதேங்கோ.”

சொன்னால் செய்கிற ஆள் அவள். அதற்காகச் சொந்தக்காரரை வரவேண்டாம் என்று சொல்ல ஏலுமோ? சொன்னவனை அவனுடைய செத்தவீடு வரைக்கும் சொல்லிச் சொல்லியே கொல்லுவார்கள். வீட்டில் ஆள் இல்லை என்றால் மட்டும்தான் தப்பலாம்.

எங்கே போவதாகச் சொல்வது? பரிஸ் என்றால் மாமி மகன் ஸ்டேசனுக்கே வந்து நிற்பான். லண்டன் என்றால் ஆளுக்கொரு பார்சல் தந்துவிடுவார்கள். ரொறன்ரோவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். உலகப்படத்தில் விரலை ஓட்டி ஓட்டி, தன் வம்சத்தில் ஒருத்தரும் அகதியாகப் போய் அசூல் அடிக்காத நகரமாக மனிசன் சியோலைக் கண்டுபிடித்தார்.

அவர் வேலை செய்யும் ஆஸ்பத்திரிக் குசினியில் திருமதி லீ என்றொரு கொரியாக்காரி இருந்தாள். பாவம், அவள் உண்மையென்று நம்பி ஏழு நாளுக்கும் திட்டம் எழுதிக் கொடுத்தாள். வயிறு பழகட்டும் என்று ஒரு போத்தல் கிம்சியும் கொடுத்தாள். பள்ளிக்கூடத்தில் ஓ.எல். சோதனைக்குக்கூட அவர் இப்படிப் பாடமாக்கியதில்லை. படம் காட்டச் சொல்லிக் கேட்டால், கமெரா மீன் சந்தையில் களவு போய்விட்டது என்று சொல்வதாக ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை வந்தது. ஜன்னல் ஷட்டர்களை இறக்கினார்கள். ரெலிபோன் வயரைக் கழற்றினார்கள். சப்பாத்துகளையும் சூட்கேஸ்களையும் வாசலுக்கு உள்பக்கம் எடுத்து வைத்துவிட்டு, பட்டப்பகலில் குசினி நிலத்தில் இருட்டுக்குள் சப்பாணி கட்டி இருந்தார்கள். கறி வைத்தால் வாசம் காட்டிக்கொடுத்துவிடும், அதனால் சோறும் கிம்சியும். கிம்சி எவ்வளவு மணத்தாலும் இது தமிழாக்கள் வீடு என்று ஒருத்தரும் சொல்லமாட்டார்கள்.

“இப்பிடிச் சத்தம் சந்தடி இல்லாமல் இருந்து எத்தினை வருசம்” என்றாள் சிவகௌரி. “ஞாயிற்றுக்கிழமை முக்காடு போட்டுக்கொண்டெண்டாலும் போய்த் தேரைப் பாத்திட்டு வருவன்.” இருட்டிலும் அவள் சிரிப்பது தெரிந்தது. கலியாணம் கட்டிய நாளிலிருந்து தான் செய்த ஒரே கெட்டித்தனம் இதுதான் என்று பரராசசிங்கம் நினைத்துக்கொண்டார்.

கீழே ஒரு வான் வந்து நின்று அதன் கதவு இழுபடும் சத்தம் கேட்டது. இரண்டாவது வான். மூன்றாவது. படிக்கட்டில் செருப்புகள் ஏறி வந்தன.

“பயப்பிடாதையும். பெல் அடிச்சுப் பாத்திட்டுப் போயிடுவினம்” என்று அவர் காதுக்குள் சொன்னார்.

ஒருவரும் பெல் அடிக்கவில்லை. பூட்டுக்குள் திறப்பு சுற்றியது, கதவு திறந்தது, விறாந்தை லைற் எரிந்தது. சிவகௌரி முதலில் புருசனைப் பார்த்தாள், பிறகு வாசலில் நின்ற சூட்கேஸைப் பார்த்தாள்.

படிக்கட்டுப் பக்கம் திரும்பி நின்று பாமா சத்தம் வைத்தாள்: “எல்லாரும் மேல வாங்கோ, அண்ணையாக்கள் கொரியாவில. இந்த முறை அவையின்ரை கட்டிலிலயும் படுக்கலாம்.”