முழங்கால் சில்லு

இயன்முறை மருத்துவக் கல்லூரியின் எலும்பு அறையில் முதலாண்டு வாய்மொழித் தேர்வு நடந்துகொண்டிருந்தது.

"இந்தப் படிப்பு உனக்கு ஒத்துவராதுன்னு அப்பவே தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். ஆபீஸ் வாசல்லயே பழியாக் கிடந்து சீட் வாங்கிட்டே" என்றார் பேராசிரியர்.

"எலும்பைக் கொடுங்க சார்" என்றாள் மாணவி.

ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"காறை எலும்பு. இடது பக்கம்."

அடுத்ததை வைத்தார். அவள் அதைத் திருப்பித் திருப்பித் தடவிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போனது. ஜன்னலில்லாத அறை கும்மிருட்டானது. வரிசையில் நின்றவர்கள் கூச்சல் போட்டார்கள்.

"யாரும் அசையாதீங்க. கரண்ட் வந்தப்புறம்தான் தேர்வு" என்றார் பேராசிரியர்.

"இது முழங்கால் சில்லு சார். வலது கால்."

"குருட்டாம்போக்குல அடிச்சு விடாதே. இருட்டுல என்ன தெரியும்?"

"கரண்ட் உங்களுக்குத்தான் சார் போச்சு. எனக்குப் பொறந்ததுலேர்ந்தே இருட்டுதான். எல்லா எலும்பையும் அதுலதான் படிச்சேன்."

அவர் தடுமாறினார். "நீ சொல்றது சரியான்னு நான் எப்படிப் பார்க்கறது?"

"கையைக் கொடுங்க சார்."

அவர் விரலைப் பிடித்து எலும்பின் பின்புறத்தில் வைத்தாள்.

"ரெண்டு பள்ளம் இருக்கா? அதுல எது அகலம், எந்தப் பக்கம்? நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க."