மீரான் கபர் கிடைத்தது

"நான் போட்ட கார்டு வந்து சேந்துச்சா இல்லியா? அதை மட்டும் சொல்லுங்க காக்கா."

மேலப்பாளையத்தில் காஜா முகைதீனின் தறிக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு ஹாஜா கேட்டார். குலசேகரன்பட்டினத்துக்காரர். பினாங்கில் பதினைந்து வருஷம் மளிகைக் கடை வைத்திருந்துவிட்டு, 1913ஆம் வருஷம் ஊர் திரும்பியவர். நாகப்பட்டினத்தில் கப்பலை விட்டு இறங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை.

காஜா முகைதீன் தறியை நிறுத்தினார். "எந்தக் கார்டு?"

"ஆறு வருசத்துக்கு முன்ன எழுதுனது. அகமது மீரான் விசயமா, அவரு பொஞ்சாதி ஷரீபா பீவி பேருக்கு. நாலு வருசமா அவரு என்ன ஆனாருன்னு யாருக்கும் தெரியாம இருந்துச்சுல்லா? பினாங்குக்குப் பக்கத்துல தைப்பிங்குல ஈயச் சுரங்கத்துல கிடக்காருன்னு ஒரு நாள் எனக்குத் தெரிஞ்சுது. அன்னைக்குத்தான் தபால் கப்பல் கிளம்புது. அவசரத்துல ரெண்டு வரி எழுதிப் போட்டேன்."

"வந்துச்சு. நான்தான் வாசிச்சேன். இந்தத் தெருவுல யாருக்குக் கடுதாசி வந்தாலும் என்கிட்டதான் கொண்டு வருவாவ."

"பொறவு ஏன் பதில் இல்ல?" ஹாஜாவின் குரல் தாழ்ந்தது. "மீரானுக்கு வலது கை விரல் நாலும் சுரங்கத்துல நசுங்கிப் போச்சு. அடுத்தவன் கையால எழுத வெக்கம். அப்படியே நாலு வருசத்தைப் போக்கிட்டாரு. பொறவு, பொஞ்சாதி கோவமா இருப்பாளோன்னு பயம். 'நீ எழுதிட்டேல்லா, அவ பதில் வரட்டும், அடுத்த கப்பல்ல ஏறிருதேன்'னு சொன்னாரு. ஆறு வருசமா அதையேதான் சொன்னாரு. போன ரஜப் மாசம் காய்ச்சல்ல மவுத்தாயிட்டாரு."

காஜா முகைதீன் உதட்டுக்குள் ஓதினார்.

"நீங்க எழுதுனது உங்களுக்கு நெனவிருக்கா?"

"இல்லாம என்ன? 'அகமது மீரான் கபர் தைப்பிங்கில் கிடைத்தது. அல்லாஹ் போதுமானவன்.' அவ்வளவுதான்."

"கபர்னா இங்கன என்ன?"

"செத்தவங்க மையத்தை அடக்குற குழி." சொல்லி முடிப்பதற்குள் ஹாஜாவின் முகம் வெளுத்துவிட்டது.

"பினாங்குல கபர்னா சேதி, காக்கா. மலாய்க்காரன் எதிர்ல வந்தா 'அப்பா கபர்'னுதான் கேப்பான். என்ன சேதின்னு அர்த்தம். எனக்கும் அதே பழகிப் போச்சு. ரெண்டு கபரும் அரபியில இருந்து வந்ததுதான். அரபியில எழுதுனா ரெண்டுக்கும் எழுத்து வேற. தமிழ்ல எழுதப் போயி..." தரையைப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார். "அந்தப் பொண்ணு இப்ப எங்கன இருக்கு?"

காஜா முகைதீன் உள்கதவைக் காட்டினார். "இங்கனதான். புருசன் மவுத்தானதுக்கு இத்தா இருந்து முடிச்சு ஒரு வருசம் கழிச்சு, நான் நிக்காஹ் பண்ணிக்கிட்டேன். நாலு வயசுல ஒரு மக இருக்கா."

ஹாஜா எழுந்தார். பாதி சாத்தியிருந்த கதவைப் பார்த்து, "தங்கச்சி, ஒரு சொல்லால உங்க வாழ்க்கையையே மாத்திட்டேன். அந்த மனுசனையும் காத்துக் கிடக்க வச்சுட்டேன். நான் என்ன செய்யட்டும்? மன்னிச்சிருங்க" என்றார்.

வைத்திருந்த காப்பியைத் தொடாமல், துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் தெருவில் இறங்கினார். காஜா முகைதீன் தெரு முனை வரைக்கும் கூடவே போனார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஹாஜா திரும்பிப் பார்த்தபோது, "பாத்துப் போங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

வீட்டுக்குள் ஷரீபா பீவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்பது அவள் கண்ணிலேயே தெரிந்தது. காஜா முகைதீன் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்.

"ஷரீபா, இப்ப வந்துட்டுப் போன மனுசன் மேல ஒரு தப்பும் இல்ல. பாவம், இனிமே அவரு நிம்மதியாத் தூங்க மாட்டாரு. தெரு முனை வரைக்கும் போயும் என்னால உள்ளதைச் சொல்ல முடியல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"வாலிபத்துல நான் ஐதராபாத்துல ரெண்டு வருசம் கைலி வித்தேன். அங்கன உருதுலயும் கபர்னா சேதிதான். கார்டைக் கையில வாங்குனதுமே எனக்கு ரெண்டு அர்த்தமும் தெரிஞ்சு போச்சு. ஒரு பேச்சு பினாங்குக்கு எழுதிக் கேட்டிருக்கலாம். நீ கதவுக்குப் பின்னால நின்னுக்கிட்டிருந்த. கபர் கிடைச்சிட்டாம்னு வாசிச்சேன். நீ அப்படியே சரிஞ்சு விழுந்த. அப்பமாவது சொல்லியிருக்கணும். உன் மேல இருந்த ஆசையில வாயை மூடிக்கிட்டேன்."

அவர் சற்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "தபால்காரர் வார அன்னைக்கெல்லாம் நான்தான் முந்திப் போய் நிப்பேன். இன்னொரு கார்டு வந்துருமோன்னு ஆறு வருசமா பயந்து செத்தேன். மீரானைக் கொன்னது நான்தான். நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கிடுதேன்."

ஷரீபா பீவி தலைத்துணியின் நுனியால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"அன்னைக்கு நான் அழுதது பொய். இன்னைக்கு அழுததுதான் நெசம்."

"என்ன சொல்லுத?"

"நாலு வருசமா ஒத்தையில கிடந்துட்டேன். இன்னும் காத்திருன்னு யாரும் சொல்லிரக் கூடாதுன்னுதான் அந்தக் கதவுக்குப் பின்னால நின்னேன். அவுக பினாங்கு போன புதுசுல, அப்பம் உசுரோட இருந்த எங்க வாப்பா எனக்கு வாசிச்சுக் காட்டுன மொதக் கடுதாசியே 'ஷரீபா, வீட்டுக் கபர் என்ன?'ன்னுதான் ஆரம்பிச்சுச்சு."