ஈரம் காயாத மண்

"பிளக்கைத் துடைச்சாச்சு, சோக்கையும் இழுத்துப் பாத்தாச்சு. இன்னும் என்னதான் வேணுமாம் இதுக்கு?"

"உதைச்சா சொல்லிடுமா?" என்றாள் வாசற்படியில் உட்கார்ந்திருந்த வளர்மதி. "மெதுவாத்தான் போங்களேன். ரிசல்ட் எங்கயும் ஓடிப்போயிடாது."

ஓடிப்போய்விடும் என்பதுபோலத்தான் புகழேந்தி பைக்கின் கிக்கரை மறுபடி உதைத்தான். கரு தங்கியதா இல்லையா என்பதை மருத்துவமனையில் ஃபோனில் சொல்ல மாட்டார்களாம், நேரில் வரவேண்டுமாம். இந்த முறையும் இல்லையென்றால், இன்னொரு முறைக்கு இருவரிடமும் தெம்பில்லை. சிகிச்சை நாட்களில் மனைவியை விட்டு நகராமல் அவன் வீட்டிலேயே கிடந்ததில், வண்டியும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டிருந்தது. உதைக்கும்போதெல்லாம் யாரோ வாயைப் பொத்தினாற்போல் ஒருமுறை முனகி அடங்கியது.

வாயைத்தான் பொத்தியிருந்தது. குனிந்து பார்த்தபோது சைலன்சரின் துவாரம் முழுக்க வழவழவென்று மண் பூசி அடைபட்டிருந்தது. ஓரத்தில் இன்னும் ஈரம் காயவில்லை. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு குளவி புதிய மண்ணுருண்டையோடு வந்து, அவனை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் வேலையைத் தொடர்ந்தது.

ஸ்க்ரூடிரைவரின் முனையை மண்ணில் வைத்தான். அதிகம் நடக்கக் கூடாதவள் எழுந்து வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். குளவி கூடு கட்டினால் வீட்டில் குழந்தை பிறக்கும் என்பார்கள். கல்யாணமான புதிதில் அப்படிச் சொன்ன அத்தையை இருவரும் சேர்ந்து கிண்டலடித்திருக்கிறார்கள். இப்போது அவள் சிரிக்கவில்லை. அவன் கையும் நகரவில்லை. குளவி மண்ணெடுக்க மறுபடி பறந்துபோனது.

"நடந்தே போயிட்டு வாங்களேன்," என்றாள்.