தாலிக் கயிறு பாம்பான கனவு

"மூணாவது நாளா அதே கனவுங்க. மோனிஷா கழுத்துல கட்டுன தாலிக் கயிறு பாம்பா நெளியுது," என்றாள் பூங்கொடி, கணவர் வேலுமணியிடம்.

படிக்க வேண்டும் என்று அழுத மகளுக்கு நாளை நிச்சயம். மாப்பிள்ளை, வேலுமணியின் அக்கா மகன். கொடுத்த வாக்கை மாற்றாத மனுஷன் வேலுமணி.

"பாம்பு வந்தா யோகம்னு சொல்லுவாங்களே?"

"பூசாரியக் கேட்டனுங்க. இது ஆகாதாம். ரெண்டு வருசம் தள்ளிப் போடோணுமாம்." அவள் விரல்கள் முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தன.

வேலுமணி போனை எடுத்தார். "அக்கா, சகுனஞ் செரியில்லை. புள்ளை படிப்ப முடிக்கட்டும்."

பூங்கொடிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

செருப்பை மாட்டியவர் திரும்பிப் பார்த்தார்.

"மூணு ராத்திரியா நீ பொட்டுத் தூக்கம் தூங்கலையே பூங்கொடி, கனவு எங்கிருந்து வந்துச்சு? பக்கத்துல நானும் முழிச்சேதான் கிடந்தேன்."