டிஸ்க்குக்கு வைத்த சந்தனம்

டிஸ்க் மறுபடியும் திரையிலிருந்து காணாமல் போனது.

காலையிலிருந்து இது ஏழாவது முறை. முதல் சர்வர் அதைப் பிடிக்கும், விட்டுவிடும். உடனே இரண்டாவது சர்வர் பிடிக்கும், அதுவும் விட்டுவிடும். இரண்டுக்கும் பொதுவாக இருப்பது அந்த ஒரே டிஸ்க் பெட்டி.

தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டிய அந்த யார்டில் எந்தக் கன்டெய்னர் எந்த அடுக்கில் இருக்கிறது என்பதெல்லாம் அதற்குள்தான் கிடக்கிறது. நாலு மணிக்குக் கப்பல். ஏற்ற வேண்டியவை தொண்ணூறு கன்டெய்னர்கள், இரண்டாயிரத்துக்கு நடுவே எங்கெங்கோ.

"இந்த ரூம்ல எவன் கை வச்சிருந்தாலும் சரி, இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருவேன்" என்றார் மேனேஜர் தேவபிரசாதம்.

கை வைத்தவர் பக்கத்திலேயே நின்றார். எலக்ட்ரீசியன் சொரிமுத்து. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்.

சும்மா இருந்திருக்கலாம் மனுஷன். நேற்று ஆயுத பூஜை. கிரேனுக்கு மாலை, ஃபோர்க்லிஃப்டுக்குப் பொட்டு, ஸ்பேனருக்குக்கூடச் சந்தனம். இத்தனை பேருக்குச் சோறு போடுகிற டிஸ்க் பெட்டி மட்டும் மூளியாக நிற்பதா? அவருக்குப் பொறுக்கவில்லை. எல்லாவற்றையும் அணைத்த பிறகு உள்ளே போனார். கேபிள்களைக் கழற்றி, நுனி முதற்கொண்டு அழுத்தித் துடைத்துச் சொருகினார். பெட்டியின் பின்பக்கம், யார் கண்ணிலும் படாத இடத்தில், ஒரு பொட்டும் வைத்துவிட்டு வந்தார்.

கம்ப்யூட்டர் பார்க்கிற ஆள் விளாத்திகுளத்தில் வீட்டு விசேஷம் என்று லீவு. அதனால் டிஸ்க் கம்பெனியின் சென்னை ஆபீசுக்குப் போன் போட்டார்கள். லேண்ட்லைனில் ஸ்பீக்கர்.

"வணக்கம் சார், ஐஸ்வர்யா பேசுறேன்."

சொரிமுத்து ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நகர்ந்து நின்றார்.

"சின்னப் பிள்ளையப் போட்டிருக்கானுவ. பெரிய ஆளாக் கேப்போம்" என்று மேனேஜர் தணிந்த குரலில் சொன்னார்.

"மேடமே பாக்கட்டும் சார்" என்றார் சொரிமுத்து. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் மேனேஜரை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

அந்தப் பெண் பதறவே இல்லை. முதலில் ஒரு சர்வரை முழுதாக அணைக்கச் சொன்னாள். இரண்டும் ஒரே சமயத்தில் எழுதினால் டிஸ்க்கில் இருப்பது அத்தனையும் நாசம் என்றாள். பிறகு பெட்டியில் எந்த விளக்கு எரிகிறது, எது சிமிட்டுகிறது, என்ன நிறம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். சொரிமுத்து குனிந்து பார்த்துப் பார்த்துச் சொன்னார்.

அடேயப்பா! அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் உட்கார்ந்துகொண்டு, இந்தப் பெட்டியை எதிரே வைத்திருப்பது போலப் பேசுகிறாளே! அவ்வளவு பயத்திலும் சொரிமுத்துவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"கேபிளை யாராவது கழட்டினீங்களா சார்?"

"ஒருத்தரும் தொடலைம்மா. நான் உத்தரவே போட்டிருக்கேன்" என்று மேனேஜர் முந்திக்கொண்டார்.

அப்படியானால் பெட்டியே பழுதாகத்தான் இருக்கும், கேஸை சீனியரிடம் மாற்றிவிடுகிறேன் என்றாள். குரல் இறங்கிப்போயிருந்தது.

அவள் கேட்டது சரியான கேள்வி. இங்கேதான் தப்பான பதில் கொடுத்திருக்கிறார்கள். சொரிமுத்துவுக்கு அதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

"நாந்தான் மேடம் கழட்டுனேன். சந்தனத் துணியாலயே நுனியத் தொடச்சிட்டேன்."

மேனேஜர் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

அந்தக் கேபிளுக்குள் ஓடுவது ஒளி என்றாள் அவள். இப்போது குரலில் தெம்பு வந்திருந்தது. நுனியில் ஒரு துளி சந்தனம் காய்ந்திருந்தால் போதும், ஒளி வந்தும் வராமலும் தடுமாறுமாம். முதலுதவிப் பெட்டியிலிருந்து ஸ்பிரிட் வந்தது. மேனேஜர் மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணி வந்தது. அவள் சொல்லச் சொல்ல, சொரிமுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு எல்லா நுனிகளையும் துடைத்துச் சொருகினார்.

பச்சை விளக்கு எரிந்தது. டிஸ்க் வந்தது. ஐந்து நிமிடம் பார்த்தார்கள், பத்து நிமிடம் பார்த்தார்கள். போகவில்லை. வெளியே முதல் கிரேன் நகரும் சத்தம் கேட்டது.

மேனேஜர் நல்ல மனுஷர்தான். ஆனால் சொன்ன சொல்லை மாற்றிப் பழக்கமில்லாதவர்.

"சாப்ட்டுட்டு என் ரூமுக்கு வாங்க அண்ணாச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அறையில் யாருமில்லை. சொரிமுத்து ஸ்பீக்கரை அணைத்துவிட்டு ரிசீவரைக் காதில் வைத்தார்.

"எப்பா, மவ கேட்டான்னு நீங்க எதுக்குச் சொன்னிய? வேலைக்கு ஒண்ணும் ஆயிராதுல்லா?"

"போனாப் போவுது மேடம்" என்றார் சொரிமுத்து.