அரை விநாடி முன்னால்

"இந்தப் பதிவுல நீங்க மட்டும்தான் பேசுறீங்க. தனியாப் பேசிக்கிறவங்களுக்குப் பாதுகாப்பு கொடுக்க எங்ககிட்ட ஆள் இல்லை. அதுக்கு டாக்டர் இருக்கார்" என்று முந்தாநாள் கடைக்காரர் சங்கத் தலைவரிடம் இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார்.

நேற்று, மிரட்டல் போன் வந்ததும் தலைவர் அதை ஸ்பீக்கரில் போட்டு, கம்ப்யூட்டரில் பதிவு செய்து கொண்டுபோனார். காதைக் கிழிக்கும் ஊளைதான் கேட்டது.

"உங்களை மிரட்டுறது ஆளா, நாயா?" என்றார் இன்ஸ்பெக்டர். "ரெண்டு குரலும் தெளிவாக் கேக்கணும். நாளைக்குப் பன்னெண்டு மணிக்கு நானே வீட்டுக்கு வரேன். பதிவு சரியா இருந்தா அப்பவே துப்பாக்கியோட ஒரு போலீஸ்காரர் உங்க வாசல்ல நிப்பார். இல்லேன்னா ஆளை விடுங்க."

அதனால்தான் இன்று காலை தலைவரின் மேசைக்கு அடியில் கம்ப்யூட்டர்காரர் தவழ்ந்துகொண்டிருந்தார். ஸ்கூட்டரில் அவரைக் கூட்டிவந்த தலைவரின் மச்சான், "எனக்கு வேற வேலை இருக்கு" என்று அப்போதே நழுவிவிட்டான்.

"நாலு நாளாக் கண்ணை மூடலைங்க" என்றாள் தலைவரின் மனைவி. "நாள் குறிச்சாச்சு, எண்ணிக்கோன்னு சொல்றானாம். பழைய தலைவருக்கும் இப்படித்தான் போன் வந்துச்சு. அவருக்கு மட்டும் உடனே போலீஸ் கொடுத்தாங்க. முடி வெட்டிக்கப் போனாக்கூடப் பின்னாடியே துப்பாக்கி நிக்குது. எங்க வீட்டு மனுசன் உயிர் என்ன கிள்ளுக்கீரையா?"

"பயப்படாதீங்கம்மா, சின்னக் கோளாறுதான்." கம்ப்யூட்டர்காரர் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். அவருக்கு ரிப்பேர் பார்ப்பதைவிட அதை விளக்குவதில்தான் ஆசை அதிகம். "முதல் நாள் போனைக் காதுல வச்சுக்கிட்டுப் பேசியிருக்கீங்க. கம்ப்யூட்டருக்கு இந்த மைக் மட்டும்தான் காது. அவன் உங்க காதுக்குள்ள பேசினது மைக்குக்கு எப்படித் தெரியும்?"

"சரி, நேத்து ஊளை?"

"ஸ்பீக்கர்ல வர்ற சத்தம் பக்கத்துல இருக்கிற மைக்குல புகுந்திடும் சார். அது பெருசாகித் திரும்ப ஸ்பீக்கர்ல வரும். மறுபடி மைக்குல புகும். இப்படியே சுத்திச் சுத்திக் கடைசில ஊளையிடும்."

"வாத்தியாரே, பாடமெல்லாம் அப்புறம். எனக்கு உயிர் பிரச்னை."

"உங்க உயிருக்குத்தான் சார் இந்தப் பாடமே!"

போனிலிருந்து கம்ப்யூட்டரின் முதுகுக்கு ஒரு வயர் இழுத்தார். ஸ்பீக்கரை அணைத்தார். தலைவரின் தலையில் ஹெட்போனை மாட்டினார். செட்டிங்ஸில் மைக்கையும் வயரையும் தனித்தனியாகப் பதிவாகும்படி மாற்றினார். திரையில் இரண்டு கோடுகள் ஓடின.

"மேல் கோடு மைக். அது நீங்க. கீழ் கோடு வயர். அது அவன். இனிமே அவன் குரல் இந்த அறைக் காத்துல வரவே வராது, வயர்லதான் வரும். ஒண்ணோட ஒண்ணு கலக்காது. எப்ப சார் கூப்பிடுவான்?"

"டாண்ணு பதினொண்ணுக்கு. ஒரு நிமிஷம் பிசகமாட்டான்."

மைக்கின் அளவைக் கூட்டிக் குறைத்து முடிப்பதற்குள் மணி பதினொன்று பத்து. போன் அடிக்கவில்லை.

"கொலைகாரனுக்கு இன்னிக்கு லீவா சார்? நம்ம பக்கம் எல்லாம் ரெடி."

"ரெடியா!" என்றார் தலைவர். மேடையில் பேசிப் பழகிய தொண்டை அது. பயந்துபோன மனைவி கையிலிருந்த டம்ளரைக் கீழே போட்டாள்.

போன் அடித்தது.

"யார்யா நீ? உனக்கு நான் என்ன பாவம் செஞ்சேன்?" தலைவரின் குரல் நடுங்கியது. மேல் கோடு துள்ளியது. அவர் நிறுத்தியதும் கீழ் கோடு துள்ளியது. இரண்டு நிமிடத்தில் பேச்சு முடிந்தது.

கம்ப்யூட்டர்காரர் பதிவை ஓடவிட்டார். இரண்டு குரலும் கண்ணாடி மாதிரி கேட்டன. வேண்டுமென்றே கரகரப்பாக மாற்றிய குரலில், 'நாள் குறிச்சாச்சு. எண்ணிக்கோ.' மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பிரமாதம்!" என்று தன் தோளைத் தானே தட்டிக்கொள்ளப் போன கம்ப்யூட்டர்காரர் சட்டென்று திரையருகே குனிந்தார். தலைவர் பேசாமலிருந்த இடங்களிலும் மேல் கோட்டில் சின்னச் சின்ன மேடுகள். அவற்றைப் பெரிதாக்கினார். கீழ் கோட்டின் அச்சு அசலான நகல். ஒரே ஒரு வித்தியாசம், அரை விநாடி முன்னால் இருந்தன.

மேல் கோட்டை மட்டும் சத்தம் கூட்டிக் கேட்டார். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வருவதுபோல் மெல்லிசாக அதே குரல். 'எண்ணிக்கோ.'

அவர் முகம் வெளுத்தது. அப்போதும் விளக்கம் மட்டும் நிற்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சார், போன்ல பேசுறது டவர் டவராச் சுத்தி வந்து சேர அரை விநாடி ஆகும். அப்படித்தான் வயர்ல லேட்டா வந்திருக்கு. ஆனா மைக்குல அதுக்கு முன்னாடியே விழுந்திருக்கு. வாயிலிருந்து காத்து வழியா நேரா வந்தாத்தான் அப்படி விழும். நேத்து ஊளையும் அதனாலதான், ரெண்டு போனும் பக்கத்துல பக்கத்துல இருந்திருக்கு." சுற்றுமுற்றும் பார்த்தார். "அவன் இந்த வீட்டுக்குள்ளதான் சார் இருக்கான்!"

நடைக்கு அந்தப் பக்கம், சாத்தியிருந்த குளியலறையில் வாளி உருளும் சத்தம் கேட்டது.

மனைவி துடைப்பத்தைத் தூக்கினாள். கம்ப்யூட்டர்காரர் ஒரு கையில் ஸ்க்ரூடிரைவரை ஓங்கிக்கொண்டு, மறு கையால் போலீஸ் நம்பரை அழுத்தினார். தலைவர் அந்தக் கையை எட்டிப் பிடித்து, போனைப் பிடுங்கி மேசையில் வைத்தார்.

பிறகு நிதானமாக ஹெட்போனைக் கழற்றினார். கடிகாரத்தைப் பார்த்தார். பெருமூச்சு விட்டபடி குளியலறைப் பக்கம் திரும்பினார்.

"மச்சான், மொட்டை மாடிக்குப் போய் நின்னு இன்னொரு தடவை மிரட்டுடா, இன்ஸ்பெக்டர் வர்ற நேரமாச்சு!"