அடுப்படிக்குத் தடை

கர்ப்பப்பையை அகற்றித் தலைமன்னார் வீட்டுக்கு வந்ததிலிருந்து, நிறஞ்சலாவை அடுப்படிப் பக்கமே விடவில்லை கணவன் றொகான்.

பக்கத்து வீட்டு டிலோஜினிக்குப் பொறாமை. "எனக்கு வயித்தை வெட்டி எடுத்தவை, அதால கனநாள் படுத்தனான். உமக்குச் சின்னத் துளை போட்டுத்தானே எடுத்தவை? கெதியா எழும்பலாமே!"

"உள்காயம் ஆறவேணுமெல்லோ," என்றாள் நிறஞ்சலா, றொகான் வைத்த மீன்குழம்பைச் சுவைத்தபடி.

அடுத்த கிளினிக்கில் டொக்டர் அம்மா பரிசோதித்தார்.

"உள்ளுக்கும் நல்லா ஆறிவருது. பாரம் மட்டும் தூக்காதேங்கோ. இனிச் சமைக்கலாம்."

நிறஞ்சலா வெளியே இருந்த றொகானை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அதை அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ, டொக்டர்."

டொக்டர் சிரித்துவிட்டார்.

"ஆறினாலும் சமைக்கலாமெண்டு உங்களுக்குச் சொல்லவேண்டாமெண்டு காலமை அவர் போன் எடுத்துக் கெஞ்சினவர். அவர் சமைக்கத் தொடங்கின பிறகுதானாம் பிள்ளையள் மிச்சம் வைக்காமல் சாப்பிடுகினம்!"